மேலே வாங்க

"மேலே விடலன்னா பையன் நல்லா இருக்கான்னு அர்த்தம், தம்பி."

2021 ஜூனில், ஒரு நைட் டியூட்டியின் தொடக்கத்தில், வார்டு கிரில் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் சொன்னது. ஆறுதலாகத்தான் சொன்னேன்.

ஒரு குழந்தைக்கு ஒரே அட்டெண்டர். ஆள் மாறினால் புதிதாக வருபவருக்கு கொரோனா டெஸ்ட், ஆர்டி-பிசிஆர், நெகட்டிவ் வேண்டும். நிலைமை மோசமானால் மட்டும் இன்னொருவரை விடலாம். பையனின் அப்பா ஊரடங்கில் பயணத்துக்கான இ-பதிவு போட்டு திருப்பூரிலிருந்து பைக்கில் வந்திருந்தார். மனைவி உள்ளே, ஐந்து வயதுப் பையனோடு. "அஞ்சு நிமிஷம் சிஸ்டர், தள்ளி நின்னு பாத்துட்டுப் போயிடறேன்" என்றார். முடியாது என்றேன். "அப்ப அவன் சீரியஸானாத்தான் விடுவீங்களா?" என்று கேட்டார். அதற்குத்தான் அந்தப் பதில்.

பையனுக்கு எம்.ஐ.எஸ்.-சி., குழந்தைகளின் பல உறுப்புகளில் அழற்சி உண்டாக்கும் நோய். கொரோனா வந்துபோய் இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து வருவது, ஒட்டுகிற நோய் இல்லை. அவனால் யாருக்கும் ஆபத்தில்லை, வெளியிலிருந்து வரும் அப்பாவால் வரலாம். மூன்று கட்டில் தள்ளி கீமோ எடுத்துக்கொண்டிருந்த, எந்தத் தொற்றையும் தாங்காத பெண் குழந்தை ஒன்று இருந்தது. ஒருவரை விட்டால் கீழே காத்திருக்கும் மற்ற அப்பாக்களுக்கு என்ன சொல்வது? இதை இப்போதும் நம்புகிறேன். நானும்தான் தினமும் ஸ்டாஃப் பஸ்ஸில் நெருக்கியடித்து வந்துபோனேன். சரி, நான் இரண்டு டோஸ் போட்டிருந்தேன், அவர் ஒன்றுகூடப் போடவில்லை. இப்படி எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை.

இரவு இரண்டு மணிக்குப் பையனுக்கு பிபி இறங்கியது. டியூட்டி டாக்டர் அப்பாவைக் கூப்பிடச் சொன்னார். நானே போன் செய்தேன்.

"தம்பி, மேலே வாங்க."

வேறெதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை, அதன் அர்த்தத்தைத்தான் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தேனே. செக்யூரிட்டியும் இன்னொருவரும் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள்.

பையன் பிழைத்துக்கொண்டான். இம்யூனோகுளோபுலின், ஸ்டீராய்டு, சில நாள் ஐசியு, அப்புறம் தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

"ரூல்ஸ் தம்பி, என்னால முடியாது" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், அவ்வளவுதான். தவறு என் வாயில்தான், விதியில் இல்லை என்று பல நாள் நினைத்திருந்தேன்.

ஆனால் அன்றிரவு ஐசியுவில் கட்டில் தயாராகும்வரை அவர் வார்டுக்குள் மகன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரிசல்ட் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று கட்டில் தள்ளி அந்தப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது.