மாடலிங் ஆம்புக்கு முன்னால் ஒரு மஞ்சள் பெடல்

"ஆம்புக்குள்ளேயே ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் எல்லாம் இருக்கே, தனியா பெடல் வாங்கி மாட்டினா எடுபடுமா?" கிட்டார் வாசிக்கிற நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. (ஆம்ப் கிட்டாரின் ஒலியைப் பெருக்குகிற பெட்டி, பெடல் காலால் அமுக்கி இயக்குகிற சின்னப் பெட்டி, ஓவர்டிரைவும் டிஸ்டார்ஷனும் ஒலியைக் கரகரக்க வைக்கிறவை.) எடுபடும். நன்றாகவே எடுபடும். வெற்றிடக் குழாய்களால் இயங்கும் ட்யூப் ஆம்ப் இருந்தால்தான் பெடலுக்கு உயிர் வரும் என்று சொல்வதை நானும் சில மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா 50, வெவ்வேறு ஆம்புகளின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்கிற மாடலிங் ஆம்ப். அதோடு சேர்க்க அதே நிறுவனத்தின் மஞ்சள் நிற எஸ்டி-1 வாங்கினேன், 1981 முதல் வந்துகொண்டிருக்கிற ஓவர்டிரைவ் பெடல், மூன்றே நாப்: லெவல் (வெளியே வரும் சத்தத்தின் அளவு), டோன், டிரைவ் (கரகரப்பின் அளவு). முதல் நாள் ஆம்பில் நன்றாகக் கரகரக்கும் பிரவுன் சேனலைப் போட்டு, கெயினை (ஆம்பின் கரகரப்பு அளவை) முக்கால்வாசி ஏற்றி, பெடலிலும் டிரைவை முழுசாகத் திருப்பி வாசித்தேன். கம்பளிக்குள் வைத்துப் பொத்தினது மாதிரி ஒரு மொத்தைச் சத்தம், கார்டு அடித்தால் எந்த ஸ்வரமும் தனியாகக் கேட்கவில்லை. வாங்கின கடையில் போய்ச் சொன்னால், டிஜிட்டல் ஆம்பில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பெடல் அலமாரிக்குள் போய்விட்டது.

அப்புறம் ஒரு நாள் எல்லாவற்றையும் தலைகீழாக வைத்துப் பார்த்தேன். பெடலில் டிரைவ் ஏறக்குறைய பூஜ்யம், லெவல் நன்றாக மேலே, ஆம்பில் கெயின் பாதிக்கும் கீழே. உள்ளங்கையால் கம்பியை லேசாக அமுக்கி அடிக்கிற பாம் மியூட்டில், முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது: அடிக்கம்பி இறுக்கமாக, அடித்தவுடன் நின்று, அடுத்த அடிக்கு இடம் விட்டுக் கேட்டது.

காரணம் பெடலின் சர்க்யூட்டில் இருக்கிறது. ஐபனெஸ் நிறுவனத்தின் ட்யூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலை எடுத்துக்கொள்ளுங்கள், எஸ்டி-1 அதற்கு நெருங்கிய உறவுதான். ஏறக்குறைய 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போக அது சிக்னலைப் பெருக்குவது குறைந்துகொண்டே வரும். கிட்டாரின் ஆறாவது கம்பி சும்மா அடித்தால் 82 ஹெர்ட்ஸ். அந்தக் கனம் முழுக்க ஒரு ஹை கெயின் ஆம்புக்குள் போனால்தான் சத்தம் குழைந்துபோகிறது. பெடல் நடுப்பகுதியை மட்டும் தூக்கி, அடிப்பகுதியை அப்படியே விட்டுவிடுவதால் ஆம்ப் சீராகக் கரகரக்கிறது. இதில் ட்யூப், டிஜிட்டல் என்ற பேதமே இல்லை. மெட்டல் வாசிக்கிறவர்கள் ஏற்கெனவே அத்தனை கெயின் உள்ள ஆம்புக்கு முன்னால் இந்தப் பெடலை வைப்பது இதற்காகத்தான், கூடுதல் கெயினுக்காக இல்லை. எஸ்டி-1 கொஞ்சம் வேறு மாதிரி கேட்பதற்கு அதன் டயோடுகள் காரணம்: ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று, அதனால் அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே மாதிரி வெட்டுப்படுவதில்லை.

டிஜிட்டல் ஆம்பில் கவனிக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. ட்யூப் ஆம்பின் முதல் ட்யூபை எவ்வளவு தள்ளினாலும் அது மெல்ல மெல்லத்தான் கரகரக்கும். மாடலிங் ஆம்பில் சிக்னல் முதலில் எண்களாக மாற வேண்டும், அந்த மாற்றிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் இனிமையே இல்லாத ஒரு வெடிப்பு கேட்கும். கண்டுபிடிக்க எளிய வழி: ஆம்பில் க்ளீன் சேனல் போட்டு, கெயினை அடியோடு இறக்கி, ஓவர்டிரைவ் பெடலின் டிரைவையும் இறக்கி, லெவலை மட்டும் ஏற்றி, பலமாக ஒரு கார்டு அடியுங்கள். அப்போதும் பொரிகிற சத்தம் வந்தால் பெடலின் லெவலைக் குறையுங்கள், ஆம்பின் வால்யூமைக் குறைத்துப் பயனில்லை.

டிஸ்டார்ஷன் பெடல் என்றால் கதை வேறு. 1978-இல் வந்த பாஸ் டிஎஸ்-1 நடுப்பகுதியைத் தணித்துவிடும். ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் மாதிரி மாடல்களிலும் நடுப்பகுதி தணிந்தே இருக்கும். இரண்டையும் சேர்த்தால் வீட்டில் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும், டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்தவுடன் நீங்கள் காணாமல் போவீர்கள். மிட் நாபைத் தயங்காமல் ஏற்றுங்கள், அல்லது லேசாக உடையத் தொடங்கும் க்ரஞ்ச் மாடலுக்கு மாறுங்கள், எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

ஹெட்போனில் வாசிக்கிறவர்களுக்கு இன்னொன்று. கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று சரிந்துவிடும், டிஸ்டார்ஷனின் கூர்மையை மழுக்குவதே அந்தச் சரிவுதான். அந்த ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் கேபினெட் சிமுலேஷனை அணைத்துவிட்டு நேராகக் கேட்டால் எந்தப் பெடலும் தேனீக்கூட்டம் மாதிரிதான் கேட்கும். பெடலைத் திட்டுவதற்கு முன் அதைச் சரிபாருங்கள்.

ஒலியை இன்னும் முரட்டுத்தனமாகக் கரகரக்க வைக்கும் ஃபஸ் பெடல்களில் மட்டும் வரிசை ரொம்ப முக்கியம். ஃபஸ் ஃபேஸ் போன்றவை கிட்டாரின் பிக்கப்போடு (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) நேரடியாகப் பேச வேண்டும், நடுவில் பஃபர் (சிக்னல் பலவீனமாகாமல் காக்கும் சர்க்யூட்) வந்தால் முகமே மாறிவிடும். பாஸ் பெடல்கள் அணைத்திருந்தாலும் உள்ளே பஃபர் வேலை செய்துகொண்டே இருக்கும், ஆகவே கிட்டாரிலிருந்து முதலில் ஃபஸ், அப்புறம்தான் மற்றதெல்லாம். ஆம்புக்குள் இருக்கும் டிஜிட்டல் ஃபஸ்ஸில், கிட்டார் வால்யூமைக் குறைத்தால் சத்தம் தெளிகிற அந்த அழகு பல ஆம்புகளில் கிடைக்காததற்கும் இந்த உறவு அங்கே இல்லாததே காரணம். எனவே தனிப் பெடலுக்குக் காசு செலவழிக்க வேண்டும் என்றால் முதலில் நல்ல ஃபஸ் வாங்குங்கள் என்பேன். சாதாரண ஓவர்டிரைவுக்கு கட்டானாவின் உள்ளே இருக்கும் பூஸ்டர்களே நிறைய பேருக்குப் போதும். எனக்கு எஸ்டி-1 வேண்டியிருப்பது, வாசித்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து ஒரு நாபைத் திருப்ப முடிகிறது என்பதற்காக.

இப்போது என் அமைப்பு இது: நாபின் குறியைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டால், டிரைவ் 8 மணி நிலையில், டோன் 12 மணி, லெவல் 2 மணி. ஆம்பில் பிரவுன், கெயின் 11 மணிக்கு, பேஸ் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே, ஏனென்றால் பெடல் முன்னால் பிடித்துவைத்த கனத்தை கரகரப்பு முடிந்த பிறகு திருப்பிக் கொடுத்தால் குழைவதில்லை.