டர்பன் நாட்குறிப்பு: புரட்டாசியும் மாதவிலக்கும்

17 செப்டம்பர் 2025, புதன். புரட்டாசி முதல் நாள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியிலும் ஃபீனிக்ஸ் பகுதியிலும் இன்று முதல் பல வீடுகளில் கறி, மீன், முட்டை கிடையாது. விரதம் நல்லதுதான். ஆனால் மாதாமாதம் அதிகமாக இரத்தம் போகிற பெண்ணுக்கு, ஏற்கெனவே குறைந்திருக்கும் இரும்புச்சத்து இந்த மாதத்தில் இன்னும் இறங்கும். மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, ஐஸ் கட்டியை மென்று தின்னத் தோன்றுவது எல்லாவற்றையும் விரதக் களைப்பு என்று விட்டுவிட வேண்டாம்.

கிளினிக்கில் ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. அளவு சரியாக இருந்தும் களைப்பு தீரவில்லையென்றால் சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் இரும்புதான் முதலில் தீரும். ஹீமோகுளோபின் அதன் பிறகே இறங்கும்.

இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில், ஆரஞ்சுச் சாற்றோடு விழுங்கலாம். டீ குடித்த சூட்டோடு விழுங்கினால் பலன் பாதிகூட இருக்காது. குறைந்தது ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வயிற்றைப் புரட்டினால் மருத்துவரிடம் கேட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாம், அப்போதும் நன்றாகவே உடம்பில் சேரும். மலம் கறுப்பாகப் போவதற்குப் பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். பருப்பும் முருங்கைக்கீரையும் உதவும், ஆனால் அதிக இரத்தப்போக்கை அவற்றால் மட்டும் ஈடுகட்ட முடியாது.

20 செப்டம்பர், சனி

"எனக்கு எப்பவுமே இப்படித்தான்" என்பது பெண்கள் சொல்லும் பதில். அம்மாவுக்கும் அப்படித்தான், அக்காவுக்கும் அப்படித்தான் என்பார்கள். குடும்பத்தில் எல்லாருக்கும் இருந்தால் அது இயல்பு என்று ஆகாது. இரத்தம் உறையாத கோளாறு பரம்பரையாகவும் வரும். வயதுக்கு வந்த முதல் மாதத்திலிருந்தே அதிகம் போகிற பெண்பிள்ளைக்கு, பல் பிடுங்கினாலும் இரத்தம் நிற்கத் தாமதமானால், வான் வில்லிபிராண்ட் குறைபாடு (இரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் குறைவது) உண்டா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

அதிகம் என்பதைக் கணக்காகச் சொல்லலாம். ஒன்று இரண்டு மணிக்கொரு பேட் நனைவது; இரண்டு பேட் சேர்த்து வைத்தும் படுக்கை கறைபடுவது; எட்டு நாளுக்கு மேல் நீடிப்பது; ஐந்து ராண்ட் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுவது (அந்த நாணயத்தின் குறுக்களவு 26 மில்லிமீட்டர்). ஒரு மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள்வரை 24 நாளுக்குக் குறைந்தாலும் 38 நாளைத் தாண்டினாலும் குறித்து வையுங்கள். தேதி, நனைந்த பேட் எண்ணிக்கை, கட்டி, வலி ஆகியவற்றை எழுதிய தாளோடு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். எழுதி முடிக்க வேண்டும் என்பதற்காகப் போவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். கோபப்படாதீர்கள், அது எல்லாருக்கும் செய்வது. பிறகு இரத்தம், ஸ்கேன். நார்க்கட்டி, கர்ப்பப்பைச் சுவர் தடிப்பது, பாலிப் என்ற சதை வளர்ச்சி, கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் வைத்த காப்பர் லூப், இரத்தத்தை இளக்கும் மாத்திரை என்று காரணம் பலவாக இருக்கலாம். 45 வயதைத் தாண்டியவர்களுக்குக் கர்ப்பப்பையின் உட்சுவரிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

கர்ப்பப்பையை எடுப்பது முதல் வழியல்ல. இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, நாளுக்கு மூன்று வேளை, அதிகம் போகும் நாட்களில் மட்டும், நான்கு நாள்வரை கொடுப்பார்கள். காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் அது ஆகாது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப் பலருக்கு நன்றாகக் கேட்கிறது.

28 செப்டம்பர், ஞாயிறு

புரட்டாசிக் கடைசிச் சனிக்கும் தைப்பூசக் காவடிக்கும் தீ மிதிக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை கேட்பவர்கள் நிறைய. நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. மாதவிலக்கு வர வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். நிறுத்தியபின் இரண்டு மூன்று நாளில் வரும். தாமதமாகத் தொடங்கினால் பூசை நடுவிலேயே கறை பட்டுவிடும்.

இதை அண்டை வீட்டு அக்காவின் டப்பாவிலிருந்து வாங்கி விழுங்கக் கூடாது. இரத்தம் உறைந்த வரலாறு, மார்பகப் புற்றுநோய், கல்லீரல் நோய், கண்ணில் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் சில வலிப்பு மருந்துகளும் இதன் வேலையைக் குறைத்துவிடும். இது கருத்தடை மாத்திரையும் அல்ல.

4 அக்டோபர், சனி

வெள்ளைப்படுதல் எல்லாம் நோயல்ல. தயிர்போல் திரிந்து அரிப்போடு வந்தால் பெரும்பாலும் பூஞ்சை. சாம்பல் நிறத்தில் மீன் நாற்றத்தோடு வந்தால் வேறு கிருமி, வேறு மருந்து. பூஞ்சை அடிக்கடி திரும்பினால் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். டர்பன் தமிழ்க் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு அபூர்வம். டெட்டால் கலந்த தண்ணீரால் உள்ளே கழுவினால் நல்ல கிருமிகள் செத்துத் தொல்லை கூடும். அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே போக வேண்டும்.

8 அக்டோபர், புதன்

அரசு கிளினிக்கில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் பரிசோதனை இலவசம்: 30 வயதிலிருந்து பத்தாண்டுக்கு ஒன்றாக மூன்று முறை. எச்ஐவி உள்ளவர்களுக்கு அது தெரிந்தவுடனும், பின்னர் மூன்று ஆண்டுக்கொரு முறையும். இரண்டு நாள் முன்பிருந்து உறவும் உள்வைக்கும் மருந்தும் வேண்டாம். மாதவிலக்கு நாளில் வேண்டாம். சரியான போன் நம்பர் கொடுங்கள், முடிவைக் கேட்டு வாங்குங்கள். 2014 முதல் பள்ளிகளில், அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரசுக்கு எதிரான ஹெச்பிவி தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களுக்கும் இந்தப் பரிசோதனை உண்டு.

உறவுக்குப் பின் இரத்தம் வந்தால் அட்டவணையைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். எந்த வயதிலும் உடனே காட்ட வேண்டும்.

12 அக்டோபர், ஞாயிறு

மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆனபின் ஒரு சொட்டு வந்தாலும் பரிசோதிக்க வேண்டும். அது தாமதித்து வந்த மாதவிலக்கு அல்ல. பலருக்கு உட்சுவர் மெலிந்ததுதான் காரணமாக இருக்கும். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கும். ஆரம்பத்திலேயே கண்டால் அறுவையில் குணமாகும் நோய் அது. ஆயாமார் வெட்கப்பட்டுத் துணியை ஒளித்துத் துவைப்பார்கள். பேத்திகள் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐம்பதைத் தாண்டியவருக்கு வாரக்கணக்கில் வயிறு உப்பி, கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிடுகிறதென்றால் வாயு மாத்திரையோடு விடாதீர்கள். சினைப்பையை ஸ்கேனில் பார்க்க வேண்டும்.

19 அக்டோபர், ஞாயிறு

நாளை தீபாவளி. பலகார வேலை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாதவை: நாள் தள்ளிப்போய் ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம். இரண்டு மணி நேரம் தொடர்ந்து மணிக்கு ஒரு பேட்டுக்கு மேல் நனைந்தாலும், திடீரென்று தாங்க முடியாத வலியோடு வாந்தி வந்தாலும் காத்திருக்கக் கூடாது. கார் ஓட்டிக்கொண்டு தனியே போக வேண்டாம். ஆம்புலன்சுக்கு 10177, கைபேசியிலிருந்து 112.