மூன்றாவது வீடியோதான் தேறியது

லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியே கேமரா விட்டு, பித்தப்பையை எடுக்கும் அறுவை சிகிச்சையை முழுசாகப் பதிவு செய்து மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். நாம் யாரென்று தெரியாத இரண்டு மருத்துவர்கள் பார்த்து மார்க் போடுவார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. படுத்தி எடுத்தது வீடியோதான்.

முதல் வீடியோ மறுநாளே திரும்பி வந்தது. திரையின் மூலையில் நோயாளியின் பெயரும் பதிவு எண்ணும் இருந்ததாம். மூன்று தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன், கண்ணில் படவே இல்லை. என் கையை ரசிப்பதில் மும்முரம்! லென்ஸைத் துடைக்க ஸ்கோப்பை (கேமரா மாட்டிய குழாய்) வெளியே எடுத்தபோது அறையில் இருந்தவர்களின் முகங்களும் பதிவாகியிருந்தன. 'வீடியோவை வெட்டக் கூடாது' என்பது விதி, அப்புறம் முகத்தை எப்படி மறைப்பது? அலுவலகத்தில் கேட்டேன். "விதிமுறைத் தாளில் எல்லாம் இருக்கு, படிங்க" என்றார்கள். தாளில் இல்லை. கடைசியில் ஒரு சீனியர்தான் சொன்னார்: அந்த இடங்களைக் கறுப்பாக்கு, நேரம் மட்டும் குறையக் கூடாது.

இரண்டாவதில் தப்பு என்னுடையது. ரெக்கார்டர் நீளமான பதிவைத் தானாகவே துண்டு துண்டாகச் சேமிக்கும். நான் ஒன்றையும் மூன்றையும் ஏற்றிவிட்டு இரண்டை விட்டுவிட்டேன். உயிர்நாடியே அதில்தான். அறுவை மருத்துவர் ஸ்ட்ராஸ்பெர்க் 1995-இல் வகுத்த பாதுகாப்புக் காட்சி தெரியுமல்லவா: பித்தப்பைக் குழாய்க்கும் கல்லீரலுக்கும் நடுவிலுள்ள முக்கோணத்தில் கொழுப்பை நீக்கி, பித்தப்பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பித்தப்பைக்குள் போவது இரண்டே குழாய்கள் (பித்தக் குழாய் ஒன்று, ரத்தக் குழாய் ஒன்று) என்று காட்டிய பிறகுதான் கிளிப் போட வேண்டும். என் வீடியோவிலோ கிளிப் போட்டு வெட்டியே ஆகிவிட்டது. "எதை வெட்டினீர்கள் என்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தார்கள். நியாயம்தான். பென் டிரைவில் தேடினால், அதற்குள் யாரோ அழித்திருந்தார்கள்.

ஆக, வேறொரு நோயாளி, மறுபடி சம்மதக் கையெழுத்து. இந்தத் தடவை கேமரா பிடித்தவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். கிளிப்புக்கு முன்னால் நிறுத்தி, முன்பக்கமும் பின்பக்கமும் நிதானமாகக் காட்டினோம். அன்று மாலையே வேறு டிரைவிலும் ஒரு நகல்.

மார்க் போடுவது கோல்ஸ் (GOALS) என்ற, லேப்ராஸ்கோப்பித் திறமையை அளக்கும் அளவுகோலில்: ஆழ உணர்வு, இரு கை ஒத்துழைப்பு, செயல்திறன், திசுக்களைக் கையாளுதல், பிறர் உதவியின்றிச் செய்தல் என ஐந்து பிரிவு, ஒவ்வொன்றுக்கும் 5. எனக்கு 25-க்கு 19. இரு கைக்கு மட்டும் 3. கோபத்தோடு வீடியோவை இரட்டை வேகத்தில் ஓட்டினேன். வலக்கை பறக்கிறது, இடக்கை பித்தப்பையைப் பிடித்த பிடியில் முளையடித்த மாதிரி நிற்கிறது. அனுப்பும் முன் நீங்களும் ஒரு தடவை அப்படி ஓட்டிப் பாருங்கள்.