குக்கர் கேக்கும் 44ஆவது திருத்தமும்

காலையிலிருந்து அரசியல் சட்டத் திருத்தங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. 42 என்றால் 1976, 44 என்றால் 1978. 73 ஊராட்சி, 74 நகராட்சி. அதுவரை சரி. 52, 61 என்று வந்துவிட்டால் எது கட்சித் தாவல், எது 18 வயதில் ஓட்டு என்று எனக்கு இன்றைக்கும் இடிக்கும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வுக்கு இது மூன்றாவது படையெடுப்பு, இன்னும் இந்த லட்சணம். ஒரே பக்கத்தை நாலாவது தடவை வாசிக்கிறேன் என்று உறைத்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். மணி மூன்று. வெளியே தென்காசிச் சாரல், கொடியில் மூன்று நாளாகக் காயாத துணி.

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. கைப்பிடி உடைந்த பழைய அலுமினியக் குக்கர்தான். தண்ணீர் ஊற்றாமல் காயவிடுகிற வேலை என்பதால் நல்ல குக்கரை அம்மா தொட விடமாட்டாள். அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கல்லுப்பு, அதன்மேல் கவிழ்த்த கிண்ணம். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு மூடி, பத்து நிமிடம் காயவிட வேண்டும். அந்த உப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், குழம்புக்குத்தான் ஆகாது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு ‘கேக் உப்பு’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒட்டுவதற்கு முன்னால் ஒருநாள் அது ரசத்தில் விழுந்த கதை உண்டு. அதை விடுங்கள்.

எல்லா அளவுக்கும் ஒரே டம்ளர். மைதா ஒன்றரை, சீனி முக்கால், புளித்த தயிர் ஒன்று, எண்ணெய் அரை. ஏலக்காய் இரண்டு. அப்புறம் ஆப்பசோடா முக்கால் ஸ்பூன், தலைதட்டி. இந்தத் தலைதட்டலைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு முழுக் கேக் செலவானது. முதல் தடவை, நிறையப் போட்டால் நிறைய உப்பும் என்று நினைத்து இரண்டு ஸ்பூன் குவித்துப் போட்டேன். உப்பத்தான் செய்தது, பிறகு நடுவில் குழி விழுந்தது. வாயில் வைத்தால் சோப்பு. தயிரின் புளிப்புக்கு எவ்வளவு சோடா வேண்டுமோ அவ்வளவுதான் வாயுவாக மாறும். மிச்சமெல்லாம் நாக்குக்குத்தான் வரும்.

தயிரில் சோடாவைத் தூவிவிட்டுச் சும்மா நிற்பது எனக்குப் பிடிக்கும். முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஓரத்தில் ஒரு கொப்புளம், பக்கத்தில் இன்னொன்று. காதைக் கொண்டுபோனால் பொரிகிற மாதிரி ஒரு சன்னச் சத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தயிர் ஒரு விரல் ஏறிவிடும். இதற்குமேல் தாமதிக்கக் கூடாது. மாவைக் கொட்டிக் கட்டியில்லாமல் கலந்து, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றிக் குக்கருக்குள் இறக்கிவிட வேண்டும்.

“என்னட்டி, படிக்கலையா? அடுப்படில என்ன உருட்டுத?” என்று உள்ளேயிருந்து அம்மா.

“படிச்சிக்கிட்டேதாம்மா இருக்கேன்.”

அது முழுப் பொய்யும் இல்லை. சிம்மில் நாற்பது நிமிடம், முதல் அரைமணி நேரம் மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் அமுங்கிவிடும். செய்ய ஒன்றுமில்லாமல் நின்றபோது 52ஆவது திருத்தம் தானாக வந்தது: 1985, கட்சித் தாவல். மேஜைமுன் உட்கார்ந்தால் வராதது அடுப்புமுன் நின்றால் ஏன் வருகிறதோ தெரியவில்லை. தேர்வு எழுதினால் மாதக்கணக்கில் முடிவுக்காகக் காத்துக் கிடக்கிறோம். இங்கே வெயிட் துவாரம் வழியாக ஏலக்காய் வாசம் வந்தாலே பாதி முடிவு தெரிந்துவிடுகிறது. மீதிக்கு ஒரு புது ஈர்க்குச்சி. குத்தி எடுத்தேன், மாவு ஒட்டவில்லை. பாஸ்.

ஒரு பக்கம் தூக்கி, உச்சியில் வெடித்திருந்தது. எங்கள் அடுப்பில் தீ ஒரு பக்கமாகத்தான் எரியும். ஆறட்டும் என்று வைத்துவிட்டு முகம் கழுவி வருவதற்குள் தூக்கின பக்கத்தில் கால்வாசியைக் காணோம். திண்ணையில் தம்பி, வாய் நிறைய.

“என் கேக்குல அது?”

“யக்கா, சொத்துரிமை அடிப்படை உரிமை இல்லைன்னு நேத்து நீதான சொன்ன? 44ஆவது திருத்தம்.”

“சட்டத்துல 300ஏ பிரிவு இருக்குல. சட்டத்தோட அதிகாரம் இல்லாம எவன் சொத்தையும் எவனும் பறிக்க முடியாது.”

“அதெல்லாம் அம்மாட்ட கேட்டுத்தான் எடுத்தேன்” என்று அடுத்த துண்டுக்கு எழுந்து போனான்.