புருஷன் வழி கார்டு, தாத்தா வழி கார்டு

“ஓசிஐ கார்டுன்னா லைஃப்லாங் விசாம்மா. டைவர்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.” இதைச் சொன்ன வக்கீலுக்குக் கொடுத்த ஃபீஸை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. (ஓசிஐ என்பது இந்திய வம்சாவளியினரான அல்லது இந்தியரை மணந்த வெளிநாட்டவர் இங்கே வாழ இந்திய அரசு தரும் அட்டை.) அவர் பேச்சை நம்பி, கேஸ் நடந்த ஒரு வருடம் முழுக்க நான் ஒரு காகிதம்கூடத் தேடவில்லை. அந்த ஒரு வருடம்தான் எனக்குக் கிடைத்த அவகாசம் என்று தெரிந்தபோது தீர்ப்பு நகல் கையில் இருந்தது.

நான் மலேசியக்காரி. பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட். 2012-ல் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தேன், 2016-ல் இந்தியக் குடிமகனின் மனைவி என்ற முறையில் ஓசிஐ வாங்கினேன். கல்யாணத்தைப் பதிவு செய்து, இரண்டு வருடம் தொடர்ந்து சேர்ந்திருந்தால் போதும். கல்யாண சர்டிஃபிகேட் அலமாரியிலேயே இருந்தது, சுலபமாக முடிந்தது. தாத்தா தமிழ்நாட்டுக்காரர் என்பதால் என் சொந்த வழியிலேயே வாங்கியிருக்கலாம். அதற்குக் கொஞ்சம் அலைய வேண்டும் என்று விட்டுவிட்டேன். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு வட்டியும் முதலுமாகக் கட்டியாயிற்று.

விஷயம் இதுதான். கணவன் அல்லது மனைவி வழியாக வாங்கிய கார்டை, திருமணம் முறிந்தால் மத்திய அரசு ரத்து செய்யலாம் என்று குடியுரிமைச் சட்டத்தின் 7டி பிரிவு சொல்கிறது. 2015 திருத்தத்தில் வந்தது. கார்டைத் திருப்பிப் பார்த்தால் இப்படி ஒரு ஆணி அதில் அடித்திருப்பது எங்கேயும் தெரியாது.

ஆனால் பிரிந்து வாழ்வதாலேயே கார்டு போய்விடாது. கவுன்சலிங்கில் உட்கார்ந்துகொண்டு “உன் கார்டை கேன்சல் பண்ணிடுவேன்” என்று கணவர் சொன்ன அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. கணவருக்கு அந்த அதிகாரமே கிடையாது. அரசுதான் ரத்து செய்ய முடியும், அதுவும் நம் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான். இந்தப் பாதுகாப்பு 2019 திருத்தத்தில் வந்தது. இந்த மிரட்டலுக்குப் பயந்து ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுத்த ஒரு ஃபிலிப்பைன்ஸ் தோழி எனக்கு இருக்கிறாள், அதனால் சொல்கிறேன்.

மியூச்சுவல் கன்சென்ட் என்பதால் பாரிமுனைக் குடும்பநல நீதிமன்றத்தில் பெரிய சண்டை இல்லை. 2022 ஆகஸ்டில் முடிந்தது. மகள் என்னோடு. அவள் இங்கேயே பிறந்தவள், அப்பா இந்தியர், அதனால் அவளுக்கு இந்தியப் பாஸ்போர்ட். “பொண்ணு இந்தியக் குடிமகள்தானே, அவ அம்மான்னு சொல்லிக் கார்டை வச்சுக்க முடியாதா?” என்று கேட்டுப் பார்த்தேன். முடியாது. பெற்றோர் வழியாகப் பிள்ளைக்கு ஓசிஐ உண்டு, பிள்ளை வழியாகப் பெற்றோருக்குக் கிடையாது.

சரி, குடியுரிமையே வாங்கிவிடலாமா என்று பார்த்தால் அங்கேயும் அடி. இந்தியரை மணந்தவர் ஏழு வருடம் இங்கே வசித்திருந்தால் பதிவு முறையில் விண்ணப்பிக்கலாம். எனக்கு 2019-லேயே ஏழு வருடம் ஆகியிருந்தது. மலேசியப் பாஸ்போர்ட்டை விட மனசில்லாமல் தள்ளிப்போட்டேன். அம்மா தனியாக அங்கே இருக்கிறாள், அவளுக்கு ஒன்று என்றால் விசா வாங்கிக்கொண்டு போவதா? டைவர்ஸ் ஆனதும் அந்தக் கதவு சாத்தியாயிற்று. இந்திய வம்சாவளி என்ற முறையிலும் ஏழு வருட வழி ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்கு நானோ என் அப்பா அம்மாவில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். ஓசிஐ-க்கு மட்டும் கொள்ளுத்தாத்தா வரைக்கும் போகலாம். ஒரே சட்டம், வம்சாவளிக்கு இரண்டு அளவு! இன்னொன்று, 14 வருடத்தில் 11 வருடம் வசித்துக் கடைசி 12 மாதம் தொடர்ச்சியாகவும் இருந்திருக்க வேண்டிய வழி. எனக்கு அப்போது பத்துதான்.

ஆக, தாத்தாவைத் தேட வேண்டியதாயிற்று.

வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் இருக்கும் சாஸ்திரி பவனில் ஒரு அதிகாரியம்மா என் தீர்ப்பு நகலைப் பார்த்துவிட்டு, பேப்பரில் கோடு போட்டுக் காட்டினார்: முதலில் பழைய கார்டை ஒப்படை, என்ட்ரி விசா எடு, பிறகு உன் சொந்த வழியில் புதிதாகப் போடு. பத்து நிமிடம். அந்த வக்கீல் ஒரு வருடத்தில் சொல்லாதது.

என்ட்ரி விசாவுக்கு முகவரிச் சான்று வேண்டும். அதுவரை எல்லாம் முன்னாள் கணவர் வீட்டு முகவரியில், அவர் பெயர் இ.பி. பில்லில் இருந்தது. விருகம்பாக்கத்தில் பார்த்த வீட்டுக்காரம்மா முதலில் நன்றாகத்தான் பேசினார். வெளிநாட்டவர் குடிவந்தால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அரசுக்குத் தெரிவிக்கும் சி ஃபார்ம் (அப்போது அதுதான் பெயர்) போட வேண்டும் என்றதும் முகம் மாறிவிட்டது. “போலீஸ் கீலீஸ்னு வருவாங்களாம்மா?” நானே அவர் போனில் உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்தேன். ஓ.டி.பி. வர வர அவர் வாசிக்க, நான் அடிக்க, நடுவில் இரண்டு காபி. வீடு பார்க்கும்போதே இதைப் பேசிவிடுங்கள், அட்வான்ஸ் கொடுத்த பிறகு வேண்டாம்.

ஆபீஸில் எச்.ஆர். பயந்துபோய், புதுக் கார்டு வரும்வரை சம்பளமில்லா விடுப்பு என்றார்கள். கையில் நாலு மாதச் செலவுக்காவது பணம் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

இனி ஏஜென்ட் புராணம். ஃபார்ம் நிரப்ப ஒரு கன்சல்டன்சியிடம் கொடுத்தேன். மலேசியப் பாஸ்போர்ட்டில் என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ‘ஏ/பி’ என்று இருக்கும். ‘அனாக் பெரம்புவான்’, அதாவது இன்னாரின் மகள். அந்தப் பையன் அதை இனிஷியல் என்று நினைத்து, என்னை ஏ.பி. ஆக்கிவிட்டான். ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்து, மலேசியச் சான்றிதழ்களுக்கு “அபோஸ்டில் போட்டா போதும் மேடம்” என்றான். சான்றிதழ்களை ஒரே முத்திரையில் நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் அந்த அபோஸ்டில் ஒப்பந்தத்தில் மலேசியா அப்போது இல்லவே இல்லை! புத்ராஜெயாவில் விஸ்மா புத்ரா, அதாவது வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, அப்புறம் கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தின் முத்திரை, இரண்டும் வேண்டும். அது தெரியாமல் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனுக்குப் போய், கொளுத்தும் வெயிலில் வெறுங்கையோடு திரும்பினேன். பெரியம்மா மகன் லீவு போட்டு அங்கே அலைந்தான், பாவம்.

என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கிறது. அப்பாவுடையதில் தாத்தா பெயர் இருக்கிறது. தாத்தா இந்தியர் என்பதற்குத்தான் ஆதாரம் வேண்டும். அவர் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், கவுன்டரில் அது செல்லாது. லால்குடிப் பக்கம் ஊருக்குப் போய்ப் பிறப்புப் பதிவு தேடினேன். ஒரு அலுவலகத்தில் இன்னொன்றைக் கைகாட்டினார்கள், அங்கே போனால் “அந்த வருஷத்து புக்கு கரையான் தின்னுடுச்சு” என்றார்கள். இரண்டு பகல், ஒரு லாட்ஜ் வாடகை.

கடைசியில் அத்தைதான். தாத்தா கடைசிவரை சிவப்பு ஐசி-தான் (குடிமகன் அல்லாதவருக்கான அடையாள அட்டை) வைத்திருந்தார், மலேசியக் குடியுரிமை எடுக்கவே இல்லை என்று போனில் பேச்சுவாக்கில் சொன்னாள். “அப்ப எந்த பாஸ்போர்ட்ல ஊருக்குப் போனாரு அத்தை?” கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு மைலோ டின்னைத் திறக்கும் சத்தம்.

1958-ல் கோலாலம்பூரில் கொடுத்த இந்தியப் பாஸ்போர்ட். அட்டை பிசுபிசுத்து, மூலையெல்லாம் பூச்சி அரித்து. தபாலில் அனுப்ப அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. தைப்பூசத்துக்குப் பழனி வந்த சித்தப்பா மகனின் இடுப்புப் பையில் வந்து சேர்ந்தது.

பிரச்சினை தீர்ந்தது என்று பார்த்தால், பாஸ்போர்ட்டில் தாத்தா முனுசாமி, அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் முனியசாமி. எஸ்டேட் கிராணி (குமாஸ்தா) காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். “ரெண்டும் ஒரே ஆளுன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் அதிகாரியம்மா. கேட்டுக்கொண்டே பக்கத்தைப் புரட்டினார். பிள்ளைகள் பெயர் எழுதும் பக்கம். நீல மையில், சாய்ந்த கையெழுத்தில், ஏழு வயது அப்பாவின் பெயர், பக்கத்தில் பிறந்த தேதி. பிறப்புச் சான்றிதழில் இருந்த அதே தேதி. அவர் விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு, சான்றிதழை ஒருமுறை பார்த்தார், திரும்பப் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். “ஒரு அஃபிடவிட் மட்டும் போட்டுக் கொடுத்துடுங்க” என்றார். பழைய பாஸ்போர்ட்டை ஸ்கேன் பண்ணும்போது விசாப் பக்கம், பிள்ளைகள் பக்கம் எதையும் விடாதீர்கள். முதல் பக்கம் போதும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான்.

பதினைந்தாயிரம் ரூபாய் கட்டி 2023 மார்ச்சில் போட்டது, ஜூலையில் கார்டு வந்தது. பார்க்கப் பழையது மாதிரியேதான் இருக்கிறது. கணவர் பெயர் கேட்கும் கட்டத்தை மட்டும் இந்தமுறை நான் நிரப்பவில்லை.

அத்தைக்குப் போன் பண்ணிச் சொன்னேன். “சந்தோசம் லா. பாஸ்போர்ட்ட எப்பக் கொண்டு வந்து தருவ?” என்றாள். டிசம்பர் லீவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.