அலீக்ர் சந்தையில் அன்றாடம்

பாரிஸின் அலீக்ர் சந்தையில் முலாம்பழம் வாங்கப் போனால், எத்தனை வேண்டும் என்று கடைக்காரர் முதலில் கேட்பதில்லை. மதியத்துக்கா, இரவுக்கா, நாளைக்கா என்றுதான் கேட்கிறார். பதிலைச் சொன்னதும் குவியலில் நாலைந்து பழங்களைத் தூக்கிக் கனம் பார்க்கிறார், முகர்கிறார், ஒன்றைத் தேர்ந்து தருகிறார். காம்பைச் சுற்றி மெல்லிய விரிசல் விட்டிருந்தால் அன்றைக்கே அறுத்துவிட வேண்டும். நாமே கைவிட்டுப் பொறுக்கினால் பல கடைகளில் முகம் சுளிப்பார்கள். தேர்ந்தெடுப்பது அவர்கள் வேலை, அதில் அவர்களுக்குப் பெருமையும் இருக்கிறது.

மகள் வேலை பார்ப்பது பாரிஸில். அவள் வீடு 12ஆம் வட்டாரத்தில், பாஸ்டீல் சதுக்கத்திலிருந்து நடந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது. சமையலறையில் இடுப்புயரக் குளிர்சாதனப் பெட்டி ஒன்றுதான். ஒரு வாரத்துக்கு வாங்கி அடுக்க அதில் இடமும் இல்லை, சுமந்து ஏறத் தெம்பும் இல்லை. அந்தத் தெருவில் பலருக்கும் இதே நிலைதான். அதனால் கோடை முழுவதும் காலையில் பையை எடுத்துக்கொண்டு இறங்குவது என் வேலையாயிற்று. அந்த வேலையை நான் மிகவும் நேசித்தேன்.

தெருச் சந்தை திங்கள் தவிர எல்லா நாட்களிலும் காலையில் கூடுகிறது. ஜூனில் செர்ரி, பாதாமி, தட்டையான பீச் பழங்கள், கைப்பிடி கொள்ளாத புதினாக் கட்டுகள். வியாபாரிகளில் பலர் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கூவி விற்பதில் நம் ஊர்ச் சந்தைக்குச் சற்றும் குறைந்தவர்கள் அல்லர். ஒவ்வொரு குவியலிலும் கிலோ விலையோடு எந்த நாட்டில் விளைந்தது என்பதையும் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பகல் ஒரு மணியை நெருங்கும்போது விலை மளமளவென்று இறங்கும். பக்கத்திலேயே 1843இல் திரும்பக் கட்டப்பட்ட, கூரையிட்ட போவோ சந்தை; அங்கே பாலாடைக்கட்டி, மீன், இறைச்சி. விலை கூடுதல், நிதானமும் கூடுதல். சைவ உணவு உண்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோந்தே போன்ற மரபான பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரிப்பதற்குக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்க்கிறார்கள். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

ரொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாகெட் என்னும் நீள ரொட்டியில் சாதாரண வகை ஒன்று, ‘திரதிசியோன்’ என்று கேட்டு வாங்கும் மரபு வகை ஒன்று. இரண்டாவதற்கு 1993ஆம் ஆண்டு அரசாணையே இருக்கிறது: மாவை எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கக் கூடாது, செயற்கைச் சேர்மானங்கள் கூடாது. சில சென்டுகள்தான் கூடுதல் விலை. சுவையில் வித்தியாசம் பெரிது. நன்றாகச் சிவந்ததா, வெளிறியதா என்று கேட்டுத் தருவார்கள். பாதி போதுமென்றால் பாதியாக வெட்டியும் தருவார்கள். மறுநாள் கட்டையாகிவிடும், ஆகவே மறுநாளும் போக வேண்டும். 2022இல் யுனெஸ்கோ பாகெட் செய்யும் கைத்திறனையும் அதைச் சுற்றிய பழக்கவழக்கங்களையும் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பழக்கம் என்னவென்று தெருவிலேயே தெரிகிறது: வீடு சேர்வதற்குள் ரொட்டியின் முனையைக் கிள்ளித் தின்னாதவர் அபூர்வம். குரோசான் என்னும் அடுக்கு ரொட்டியில் நேராக இருப்பது பொதுவாக வெண்ணெயில் செய்தது. பிறை போல் வளைந்திருப்பது பெரும்பாலும் மார்கரின் என்னும் வெண்ணெய் மாற்றில் செய்தது.

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் ‘பொன்ழூர்’, அதாவது வணக்கம். அதைச் சொல்லாமல் விலை கேட்டால் முகம் இறுகிவிடும். இது வெறும் சடங்கு என்று எனக்குத் தோன்றவில்லை. கடைக்காரரை ஒரு மனிதராக மதித்த பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது நல்ல ஒழுக்கம்.

கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் மட்டும் மெட்ரோ ஏறி லாச்சப்பல் போய்விடுவோம். ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த அந்தத் தெருக்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

குறைவாக, ஆனால் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் இதே மனப்பாங்கை உடை விஷயத்திலும் அந்த வட்டாரத்தாரிடம் கண்டேன். கருநீலம், வெள்ளை, மணல் நிறம் என்று சில நிறங்கள், சில உடைகள். ஆனால் தோளும் இடுப்பும் அளவெடுத்தாற்போல் பொருந்தியிருக்கும். சக்கரப் பை இழுத்து வரும் எழுபது வயதுப் பெண்மணியும் கழுத்தில் ஒரு பட்டுத் துணியை முடிந்து, உதட்டுச் சாயம் பூசித்தான் வெங்காயம் வாங்க வருகிறார். அவரைப் பார்க்கும்போது வயதைப் பற்றிய என் எண்ணமே மாறியது. எங்கும் தென்படும் நீலக் கோடுகள் போட்ட பனியன் 1858இல் கடற்படை மாலுமிகளுக்கென விதிக்கப்பட்ட சீருடை.

சந்தைச் சதுக்கத்தின் ஒரு பக்கம் பழைய பொருட்கள். அங்கே நான் அதிகம் நின்றது தொழிலாளர்களின் நீலப் பருத்திக் கோட்டுகளுக்கு முன்னால். அருகிலுள்ள சேந்தாந்துவான் புறநகர்த் தெரு பல நூற்றாண்டுகள் மரச்சாமான் செய்பவர்களின் இடம். உள்முற்றங்களில் அவர்களின் பட்டறைகளை இன்றும் காணலாம். வெயிலிலும் துவைப்பிலும் வெளுத்து, முழங்கையில் ஒட்டுப்போட்ட அந்தக் கோட்டுகளை இன்று இளைஞர்கள் தேடி வாங்குகிறார்கள். இங்கே பேரம் பேசலாம். காய்கறிக் கடையில் பேசுவது வழக்கமில்லை.

புதிய உடை வாங்குவதென்றால் அரசு அனுமதிக்கும் தள்ளுபடிக் காலம் வரை பலர் காத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூன் இறுதியிலும், நான்கு நான்கு வாரங்கள். கொள்முதல் விலைக்கும் கீழே விற்கப் பொதுவாக அப்போதுதான் கடைகளுக்கு உரிமை. விற்காமல் தேங்கிய உடைகளை எரித்து அழிப்பதை 2020ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. 2023 முதல், பழுதுபார்ப்பு மானியத் திட்டத்தில் சேர்ந்த தையல்காரரிடமோ செருப்புத் தைப்பவரிடமோ பழுது பார்த்தால் கூலியில் ஒரு பகுதி ரசீதிலேயே கழிகிறது. அந்தப் பணம் உடை, காலணி விற்கும் நிறுவனங்கள் செலுத்தும் நிதியிலிருந்து வருகிறது. நம் ஊர்த் தையல்காரர்களுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

போகிறவர்கள் லெத்ரு-ரோலன் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் போதும். சனி, ஞாயிறு நெரிசல் அதிகம். செவ்வாய் அல்லது புதன் காலை பத்து மணிக்குள் போனால் கடைக்காரர்களுக்குப் பேச நேரமிருக்கும். துணிப்பையும் சில்லறையும் கையில் இருக்கட்டும்.