மயக்க வாயுவும் மூளை ரத்த ஓட்டமும்: 1 மேக் என்ற எல்லை

விழித்திருக்கும் மூளையில் 100 கிராமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி. ரத்தம் ஓடுகிறது, 3 முதல் 3.5 மி.லி. ஆக்சிஜன் செலவாகிறது. செலவு குறைந்தால் ஓட்டமும் குறையும். நரம்பு வழியே (ஊசியில்) தரும் மயக்க மருந்தான புரோபோஃபாலில் இரண்டும் சேர்ந்தே இறங்கும். மூச்சில் தரும் மயக்க வாயுக்களான செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் மூன்றும் செலவைக் குறைக்கும். கூடவே ரத்தக்குழாயை நேரடியாக விரிக்கவும் செய்யும்.

எது மேலோங்கும் என்பது அளவைப் பொறுத்தது. அளவைச் சொல்வது மேக்கில் (MAC): கத்தி பட்டாலும் பாதிப் பேர் அசையாமல் இருக்கத் தேவையான வாயுச் செறிவுதான் 1 மேக். 0.5 மேக்கில் ஓட்டம் சற்றுக் குறையும். 1 மேக்கில் ஏறக்குறையப் பழைய நிலை. அதைத் தாண்டினால் குழாய் விரிந்து, மூளையின் ரத்தக் கொள்ளளவு கூடி, மண்டைக்குள் அழுத்தம் ஏறும். ஐசோஃப்ளூரேன் 2 மேக்கை நெருங்கும்போது இஇஜி (மூளையின் மின் அலைப் பதிவு) தட்டையாகிவிடும். அதன்பிறகு எவ்வளவு ஏற்றினாலும் ஆக்சிஜன் செலவு மேலும் குறையாது, குழாய் விரிவதுதான் மிச்சம். நடு வயதுக்காரருக்கு 1 மேக் என்பது செவோஃப்ளூரேனில் சுமார் 2%, ஐசோஃப்ளூரேனில் 1.2%, டெஸ்ஃப்ளூரேனில் 6%. மூன்றில் குழாயைக் குறைவாக விரிப்பது செவோஃப்ளூரேன். பழைய ஹாலோத்தேன்தான் மிக மோசம்.

மயக்க வாயு, ரத்த ஓட்டத்துக்கும் ஆக்சிஜன் செலவுக்கும் உள்ள தொடர்பையே அறுத்துவிடுகிறது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. அளவு மாறாமல் இருக்கும்வரை, அதிகம் உழைக்கும் பகுதிக்கு அதிக ரத்தம்தான் போகிறது. செலவுக்கு ஓட்டம் என்ற விகிதம் மட்டுமே மேலே நகர்ந்திருக்கிறது.

நமக்குச் சாதகமான விஷயம், கார்பன் டை ஆக்சைடுக்கு மூளைக்குழாய் காட்டும் எதிர்வினை வாயு மயக்கத்திலும் பெரும்பாலும் கெடாமல் இருப்பது. தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் 1 மி.மீ. பாதரசம் குறைந்தால் ஓட்டம் சுமார் 3% குறையும். ஆனால் மானிட்டரில் தெரியும் மூச்சு முடிவு அளவை அப்படியே நம்பக்கூடாது. தமனி அளவு அதைவிட வழக்கமாக 3 முதல் 5 மி.மீ. கூடுதல். நுரையீரல் நோய் இருந்தால் இன்னும் அதிகம். ரத்த வாயுப் பரிசோதனை ஒருமுறையாவது செய்யுங்கள். தமனி அளவை 30 மி.மீ.க்குக் கீழே நீண்ட நேரம் வைத்தால் மூளைக்கு ரத்தம் போதாமல் போகலாம். சில மணி நேரத்தில் ஓட்டத்தைக் குறைக்கும் பலனும் மங்கிவிடும்.

1 மேக்குக்கு மேல் தன்னியக்கக் கட்டுப்பாடும் (ரத்த அழுத்தம் மாறினாலும் ஓட்டத்தை மூளை சீராக வைத்துக்கொள்ளும் திறன்) தளர்ந்து, ரத்த அழுத்தம் ஏறி இறங்குவதற்கேற்ப ஓட்டமும் ஏறி இறங்கும். தலை உயர்த்தியிருந்தால் டிரான்ஸ்டியூசரை (தமனி அழுத்தத்தை அளக்கும் உணரியை) காதுத் துவார மட்டத்தில் வைத்து பூஜ்யம் செய்யுங்கள். இதய மட்டத்திலேயே விட்டால், 10 செ.மீ. உயர வித்தியாசத்துக்கு மூளையின் அழுத்தம் உண்மையைவிட 7 மி.மீ.க்கு மேல் கூடுதலாகத் தெரியும்.

மண்டையைத் திறந்ததும் மூளை புடைத்து வந்தால், முதலில் கழுத்து திரும்பி அங்குள்ள சிரை (மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் குழாய்) அழுந்துகிறதா, கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நைட்ரஸ் ஆக்சைடு ஓடினால் உடனே நிறுத்துங்கள். அது ஓட்டம், செலவு இரண்டையும் ஏற்றும், மண்டைக்குள் சிக்கிய காற்றையும் பெருக்கும். அப்படியும் அடங்காவிட்டால் வாயுவை 0.5 மேக்குக்கு இறக்குங்கள், அல்லது முழுவதும் புரோபோஃபாலுக்கு மாறுங்கள்.